மறுப்புக்கு இடமில்லாத தத்துவம்: மிகி கியோஷி (1897–1945)

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. அதற்கு 42 நாள் கழித்து, செப்டம்பர் 26 அன்று, டோக்கியோவின் நகானோ பகுதியிலிருந்த தோயோதாமா சிறையில் ஒரு கைதி இறந்துபோனார். உடம்பெல்லாம் சொறி, அதைத் தொடர்ந்து சிறுநீரக அழற்சி. வயது 48. பெயர் மிகி கியோஷி. (ஜப்பானிய வழக்கப்படி குடும்பப் பெயர் முதலில் வரும், மிகி என்பதே குடும்பப் பெயர்.) போர் ஓய்ந்துவிட்டது. அவரைப் பிடித்து வைத்த அரசு தோற்றுவிட்டது. அமெரிக்கப் படை தலைநகருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் இடதுசாரிகளை ஒடுக்க வந்த 1925ஆம் ஆண்டின் அமைதிப் பாதுகாப்புச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை. அந்தச் சட்டத்தில் கைதானவர்களை விடுவிக்க வேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றவுமில்லை.

இந்தச் சாவு மிகியை ஒரு தியாகியாக்கியது. ராணுவ ஆட்சி கொன்ற தத்துவவாதி என்றுதான் போருக்குப் பிந்திய ஜப்பான் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் அந்த முடிவிலிருந்து பின்னோக்கி வாசித்தால் நடுவே சில ஆண்டுகள் மங்கிப் போகின்றன. சீனாவில் போர் நடந்துகொண்டிருந்த 1938 முதல் 1940 வரை, பிரதமர் கொனோயே ஃபுமிமாரோவின் ஆலோசனை வட்டத்தில் இருந்துகொண்டு, அந்தப் போருக்கு ஓர் உலக வரலாற்று அர்த்தம் கண்டுபிடித்துத் தர முயன்றவரும் இதே மிகிதான். அவர் மிரட்டலுக்குப் பணிந்து அதைச் செய்யவில்லை. பதவிக்கு ஆசைப்பட்டும் செய்யவில்லை. தன்னுடைய தத்துவத்தை நம்பித்தான் செய்தார். அந்தத் தத்துவத்தின் எந்த இடத்தில் அதற்கான வழி திறந்திருந்தது என்பதே அவருடைய வாழ்க்கை நமக்கு வைக்கும் கேள்வி என்று நினைக்கிறேன்.

மிகி பிறந்தது 1897 ஜனவரி 5 அன்று, ஹியோகோ மாநிலத்தின் ஹிராய் என்ற சிற்றூரில். இன்று அது தாட்சுனோ நகரத்தோடு சேர்ந்துவிட்டது. வசதியான விவசாயக் குடும்பம். வீட்டு வழிபாடு ஜோதோ ஷின்ஷு என்னும் தூய நிலப் பௌத்தம். 13ஆம் நூற்றாண்டுத் துறவி ஷின்ரானின் வழி. அமிதாப புத்தரின் பெயரைச் சொல்லி, தன் முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று சரணடைவது அந்த மரபு. சிறுவயதில் காதில் விழுந்த அந்த நாமம் கடைசிக் காலத்தில் அவர் எழுத்துக்குத் திரும்பி வருகிறது.

டோக்கியோவின் முதலாம் உயர்நிலைப் பள்ளி, அந்தக் கால ஜப்பானில் நாட்டை ஆளப்போகிறவர்கள் படிக்கும் இடம். அங்கே படித்துக்கொண்டிருந்தபோது மிகி கையில் நிஷிடா கிட்டாரோவின் ‘நன்மை பற்றிய ஆய்வு’ கிடைத்தது. 1911இல் வந்த புத்தகம். மேலைத் தத்துவத்தின் கருவிகளைக் கையிலெடுத்து, காண்பவன், காணப்படுவது என்ற பிரிவுக்கு முந்திய அனுபவத்திலிருந்து ஒரு தத்துவத்தைக் கட்ட முயன்ற முதல் பெரிய ஜப்பானிய நூல் அது. அதைப் படித்த மிகி தத்துவமே தன் வழி என்று முடிவு செய்தார். முதலாம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போவதுதான் ஊரறிந்த வழக்கம். மிகி 1917இல் ரயிலேறி நிஷிடா இருந்த கியோத்தோவுக்குப் போனார். நிஷிடாவோடு தனாபே ஹாஜிமே, மத தத்துவ அறிஞர் ஹாதானோ செய்இச்சி ஆகியோரும் அவருக்கு ஆசிரியர்கள். 1920இல் படிப்பு முடிந்தது. நிஷிடாவின் மாணவர்களில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்பட்டவர். கியோத்தோவில் ஒரு நாற்காலி அவருக்காகக் காத்திருக்கிறது என்பதே எல்லோருடைய எண்ணமும்.

1922இல் ஜெர்மனிக்குப் பயணம். பதிப்பாளர் இவானாமி ஷிகெயோ பணம் கொடுத்து உதவினார். இந்த இவானாமி பின்னால் மிகியின் வாழ்க்கை முழுக்க வரப்போகிறவர். ஹைடல்பர்க்கில் ஹைன்ரிஹ் ரிக்கர்ட்டின் வகுப்பு. அப்போது ஜெர்மன் மார்க்கின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்த நேரம். கையில் யென் வைத்திருந்த ஜப்பானிய மாணவர் அங்கே சிற்றரசர் போல வாழலாம். பெரிய பெரிய நூலகங்களை மூட்டை மூட்டையாக வாங்கி ஊருக்கு அனுப்பினார்கள். ஜெர்மன் அறிஞர்களோ அந்த ஜப்பானியர்களுக்குத் தனிப்பாடம் நடத்திச் சோற்றுக்கு வழி தேடினார்கள். 1920களில் ஜப்பானியத் தத்துவம் ஜெர்மனியோடு அத்தனை நெருக்கமாகப் போனதற்கு நாணய மாற்று விகிதமும் ஒரு காரணம் என்பதைத் தத்துவ வரலாறுகள் சொல்லக் கூச்சப்படுகின்றன. வரலாற்றாசிரியர் ஹானி கோரோவோடு மிகிக்கு நட்பு ஏற்பட்டதும் ஹைடல்பர்க்கில்தான்.

1923 இலையுதிர்காலத்தில் மிகி மார்பர்க் போனார். அதே பருவத்தில்தான் மார்ட்டின் ஹைடெகர் ஃபிரைபர்க்கிலிருந்து அங்கே மாற்றலாகி வந்தார். ‘இருத்தலும் காலமும்’ வெளிவர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. ஹைடெகரின் பெயர் மாணவர்களிடையே ஒரு வதந்தி போலப் பரவிக்கொண்டிருந்த காலம். மிகிக்குத் தனிப்பாடம் சொன்னவர் ஹைடெகரின் இளம் மாணவர் கார்ல் லோவித். அவரோடு உட்கார்ந்து டில்தி, ஷ்லேகல், ஹும்போல்ட் என்று படித்தார். அரிஸ்டாட்டிலைப் படிக்க உதவியவர் ஹான்ஸ் கியோர்க் கடாமர். இந்த லோவித் யூதர்; ஹிட்லரிடமிருந்து தப்பி 1936இல் ஜப்பானின் செண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார்.

மார்பர்க்கிலிருந்து 1924இல் பாரிஸ். அங்கே பல்கலைக்கழகம் பக்கம் அதிகம் போகவில்லை. வாடகை அறையில் உட்கார்ந்து பாஸ்கலின் ‘பான்சே’யைப் படித்தார். மார்பர்க்கில் கற்ற முறை, பாரிஸில் கண்ட நூல்: இரண்டும் சேர்ந்து கட்டுரைகளாயின. இவானாமியின் ‘ஷிசோ’ இதழுக்கு அவற்றை அனுப்பிவைத்தார். 1926இல் அவை ‘பாஸ்கலில் மனித ஆய்வு’ என்ற பெயரில் மிகியின் முதல் புத்தகமாக வந்தன. பாஸ்கலை ஒரு கிறித்தவப் பக்தராகப் பார்க்காமல், முடிவில்லாத இரண்டு வெளிகளுக்கு நடுவே தொங்கும் ஓர் இருப்பைப் பற்றிய சிந்தனையாளராகப் பார்க்கிறது அது. ஹைடெகரின் பெரிய நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பே, அவரிடம் கற்ற வாசிப்பு முறையை ஒரு ஜப்பானியர் வேறொரு நூலின் மேல் பயன்படுத்திக் காட்டிவிட்டார்.

1925 அக்டோபரில் கியோத்தோ திரும்பியவருக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை. வயதில் மூத்த ஒரு விதவையோடு அவருக்கிருந்த காதல்தான் தடை என்று சொல்லப்படுகிறது. தன் மேதைமையைத் தானே கொஞ்சம் அதிகமாக நம்பியவர், வாய்த்துடுக்கு உள்ளவர் என்ற பெயரும் இருந்தது. எதுவானாலும், 1927இல் அவர் டோக்கியோவின் ஹோசெய் பல்கலைக்கழகத்துக்குத் தத்துவப் பேராசிரியராகப் போய்விட்டார். கியோத்தோவின் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தால் மிகி இன்னொரு நல்ல பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். டோக்கியோ அவரைப் பத்திரிகைக்கும் பதிப்பகத்துக்கும் வாசகருக்கும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

அந்த ஆண்டு ஜூலையில் இவானாமி நூல் வரிசை தொடங்கியது. ஜெர்மனியின் ரெக்லாம் மலிவுப் பதிப்புகளை முன்மாதிரியாகக் கொண்டு, கைக்கடக்கமான அளவில் உலகச் செவ்விலக்கியம். பக்க அளவுக்கேற்ப நட்சத்திரக் குறி; ஒரு நட்சத்திரம் என்றால் 20 சென் விலை. அப்போது கடைகளில் ‘ஒரு யென் புத்தகங்கள்’ என்ற தடித்த தொகுப்புகள் சந்தா முறையில் விற்றுத் தீர்ந்துகொண்டிருந்தன. வாசகர் தனக்கு வேண்டியதை, வேண்டியபோது, ஒற்றையாக வாங்கிக்கொள்ளட்டும் என்பது இவானாமியின் பதில். ஒவ்வொரு நூலின் கடைசியிலும் இன்றைக்கும் அச்சாகும் அந்த வரிசையின் அறிக்கை இவானாமி ஷிகெயோவின் பெயரில் இருக்கிறது. அதன் முதல் வரைவை எழுதியவர் மிகி. அறிவையும் அழகையும் ஒரு சிறு வகுப்பாரின் கையிலிருந்து மீட்டு மக்கள் கையில் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். எந்த நூலைச் சேர்ப்பது, யாரை மொழிபெயர்க்கச் சொல்வது என்பதில் மிகியின் யோசனைகளுக்கு அங்கே மதிப்பிருந்தது. ஆசிரியர் குழுவில் உட்கார்ந்து பெயர்ப்பட்டியல் போடும் அந்த வேலை தத்துவ வரலாற்றில் இடம்பெறாது. ஆனால் ஜப்பானில் ஒரு கல்லூரி மாணவர் சட்டைப்பையில் கான்ட் வைத்துக்கொண்டு ரயிலில் படிக்கும் காட்சி ஏற்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. அவருடைய தத்துவ நூல்கள் எல்லாவற்றையும் விட இதன் விளைவு பெரிது என்று சொன்னால் அவரே சண்டைக்கு வந்திருப்பார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஜப்பான் திரும்பிய சில மாதங்களிலேயே மார்க்ஸ் பக்கம் அவர் பார்வை போயிருந்தது. கியோத்தோவின் பொருளியல் பேராசிரியர் கவகாமி ஹாஜிமே, ஜப்பானில் மார்க்சியத்தை நிலைநாட்டியவர், ஹெகலையும் இயங்கியலையும் புரிந்துகொள்ள இந்த இளைஞரின் துணையை நாடினார். 1928இல் ‘வரலாற்றுப் பொருள்முதல்வாதமும் தற்கால உணர்வும்’ என்ற நூல். அதே ஆண்டு ஹானி கோரோவோடு சேர்ந்து ‘புதிய அறிவியலின் கொடியின் கீழ்’ என்ற மாத இதழ். மார்க்சை இயந்திர விதிகளின் ஆசிரியராகப் பார்க்காமல், மனிதன் தன்னைத்தானே எப்படிப் புரிந்துகொள்கிறான் என்ற கேள்வியோடு இணைத்து வாசித்தார். மார்பர்க் வழியாக மார்க்சுக்கு வந்தவர் என்று சொல்லலாம். படித்த இளைஞர்களுக்கு அது புது வெளிச்சமாக இருந்தது. கட்சிக்காரர்களுக்குச் சந்தேகமாக இருந்தது.

1930இல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு நிதி கொடுத்ததாகக் கைது செய்தார்கள். நவம்பர் வரை காவலில் இருந்தார். அவர் உள்ளே இருக்கும்போதே வெளியே பாட்டாளி அறிவியல் ஆய்வுக்கழகத் தோழர்கள் அவருடைய மார்க்சியம் கருத்துமுதல்வாதம் என்று தீர்ப்பெழுதி ஒதுக்கிவிட்டார்கள். முன்னின்று தாக்கியவர் வரலாற்றாசிரியர் ஹத்தோரி ஷிசோ. ஹோசெய் வேலை போயிற்று. அரசுக்கு அவர் சிவப்பு, சிவப்பர்களுக்கு அவர் முதலாளித்துவ அறிவாளி. 33 வயதில், மனைவியோடு, நிலையான வருமானம் இல்லாமல், பேனாவை நம்பி வாழ வேண்டிய நிலை. ஹோசெயில் அவர் விட்டுப்போன வகுப்புகளை எடுக்க வந்தவர் நிஷிடாவின் இன்னொரு மாணவர் தோசாகா ஜுன். மிகியைப் போலன்றி அவர் மார்க்சியத்திலேயே கடைசிவரை நின்றார். அவரை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எழுதிப் பிழைக்க நேர்ந்த அந்தப் பத்தாண்டில் மிகி எழுதிக் குவித்தார். 1932இல் ‘வரலாற்றுத் தத்துவம்’ வந்தது. நடந்த நிகழ்வுகள் ஒரு வரலாறு, அவற்றைப் பற்றி எழுதப்படுவது இன்னொரு வரலாறு. இரண்டுக்கும் அடியில், வரலாற்றை ஆக்கிக்கொண்டே இருக்கும் செயலும் ஒரு வரலாறு என்று மூன்றாகப் பிரித்தது அந்த நூல். அடுத்த ஆண்டு பெர்லினில் நாஜிகள் புத்தகங்களை எரித்தபோது டோக்கியோ எழுத்தாளர்கள் திரண்டு கண்டித்தார்கள். அதிலிருந்து பிறந்த கலை, கல்விச் சுதந்திரக் கூட்டணியின் முன்னணியில் மிகி இருந்தார். ஹைடெகர் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராகி நாஜிகளோடு சேர்ந்த செய்தி வந்தது. பழைய மாணவர் அதே ஆண்டில் ‘ஹைடெகரும் தத்துவத்தின் விதியும்’ என்ற கட்டுரையை எழுதினார். இரத்தம், மண், விதி என்று உணர்ச்சியின் இருட்டுக்குள் போன ஒரு தத்துவம் அறிவின் ஒளியை எங்கிருந்து கொண்டுவரும் என்பது அதில் அவர் எழுப்பிய கேள்வி. உலகில் எங்குமே ஹைடெகரின் அரசியல் திருப்பத்தைத் தத்துவ ரீதியில் விமர்சித்த முதல் சில குரல்களில் அது ஒன்றாக இருக்கும். இந்தக் கட்டுரையை எழுதிய கைதான் ஆறாண்டுக்குள் சீனப் போருக்கு அர்த்தம் தேடும் ஒரு சிறுநூலையும் எழுதியது என்பதுதான் நம்மைத் தடுமாற வைக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள ‘கற்பனை ஆற்றலின் தர்க்கம்’ என்ற நூலுக்குப் போக வேண்டும். 1937 முதல் ‘ஷிசோ’வில் தொடராக வந்து, 1939இல் முதல் பாகம் நூலானது. மிகியின் ஆகப் பெரிய நூல், முற்றுப்பெறாதது.

அவருடைய சிக்கல் இதுதான். அறிவு ஒரு பக்கம், உணர்ச்சி ஒரு பக்கம் என்று மனிதன் பிளந்து கிடக்கிறான். அறிவை மட்டும் நம்பிய தத்துவம் கோடிக்கணக்கான மனிதர்களை அசைக்கும் வேகத்தைப் புரிந்துகொள்ளவில்லை. உணர்ச்சியை மட்டும் நம்பியது ஹைடெகர் போன இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டும் எங்கே ஒன்று சேர்கின்றன? கான்ட் தன் முதல் விமர்சன நூலில், புலனுணர்வையும் அறிவையும் இணைக்கும் ஆற்றலாகக் கற்பனையைச் சுட்டிக்காட்டிவிட்டு அப்பால் நகர்ந்துவிட்டார். மிகி அந்த இடத்திலேயே நின்று தோண்டினார். கற்பனை என்பது இல்லாததை மனதில் நினைத்துப் பார்ப்பது மட்டுமல்ல. அது உருவங்களைச் செய்யும் ஆற்றல். குயவர் மண்ணிலிருந்து பானையை எடுக்கும்போது அவர் கைக்கு மண்ணின் குணமும் தெரிந்திருக்கிறது, பானை மீது ஆசையும் இருக்கிறது. இரண்டும் பானை என்ற உருவத்தில் ஒன்றாகிவிடுகின்றன. மனித வரலாறு முழுவதும் இப்படிப்பட்ட உருவங்களின் வரலாறு என்றார் மிகி. பழைய உருவம் உடைகிறது, புதியது எழுகிறது.

அந்த நூலின் அதிகாரங்கள் இந்த வரிசையில் போகின்றன: தொன்மம், நிறுவனம், தொழில்நுட்பம், பிறகு இரண்டாம் பாகத்தில் அனுபவம். தொன்மத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளாமல், ஒரு கூட்டத்தைச் செயலுக்கு உந்தும் உருவம் என்று பார்க்கிறார். வழக்கம், சட்டம், அறம் எல்லாம் நிறுவனம் என்ற தலைப்பில் வருகின்றன. தொழில்நுட்பம் என்பதில் அவர் எந்திரத்தை மட்டும் நினைக்கவில்லை. சமூகத்தை மாற்றியமைக்கும் அரசியலும் அவருக்கு ஒரு தொழில்நுட்பமே. படிக்கப் படிக்க மலைப்பாக இருக்கும் அதிகாரங்கள். சமூகவியல், மானுடவியல், உளவியல் என்று பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அன்று வந்துகொண்டிருந்த அத்தனையையும் உள்ளே இழுத்துப்போடுகிறார். முன்னுரையில், எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் நிஷிடாவின் பக்கத்தில் வந்து நிற்பதாக அவரே சொல்லிக்கொள்கிறார்.

என்னைக் கேட்டால், அந்த நூலில் ஒரு பள்ளம் இருக்கிறது. உருவம் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் உண்டு. எந்த உருவத்தைப் பிறக்க விடக்கூடாது என்பதற்கு ஓர் அளவுகோல் கிடையாது. மண் கெட்டதாக இருந்தால், குயவர் சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோகலாமா? மிகியின் தத்துவத்தில் எழுந்துபோவது ஒரு செயலாகவே தெரிவதில்லை. எது முன்னால் கிடக்கிறதோ அதை நல்ல உருவமாக மாற்றுவதே செயல். முன்னால் கிடந்தது போர்.

1937 ஜூலை 7 அன்று பெய்ஜிங் அருகே மார்கோ போலோ பாலத்தில் மோதல் தொடங்கியது. டிசம்பரில் நான்ஜிங் விழுந்து, படுகொலை நடந்தது. 1938 ஜூலை 7 அன்று, போரின் முதலாம் ஆண்டு நாளில், ஷோவா ஆய்வுக் கழகத்தில் மிகி பேசினார். கொனோயேயின் நண்பர் கோத்தோ ரியூனோசுகே உருவாக்கிய கழகம் அது. பொருளியலாளர்கள், அரசியல் அறிஞர்கள், பத்திரிகையாளர்கள் என்று அன்றைய மிதவாத, இடதுசாரிச் சார்புள்ள மூளைகள் பலவும் அங்கே கூடியிருந்தன. சீன விவகாரத்தின் உலக வரலாற்று அர்த்தம் என்பது பேச்சின் பொருள். கேட்டவர்களுக்கு அது பிடித்துப்போக, கழகத்தின் பண்பாட்டுப் பிரிவை வழிநடத்தும் பொறுப்பு மிகியிடம் வந்தது. நவம்பர் 3 அன்று கொனோயே ‘கிழக்காசியப் புதிய ஒழுங்கு’ என்ற அறிவிப்பை வெளியிட்டார். 1939 ஜனவரியில் கழகத்தின் பெயரில் ‘புதிய ஜப்பானின் சிந்தனைக் கோட்பாடுகள்’ என்ற சிறுநூல் வந்தது. எழுதிய கை மிகியுடையது.

அதன் வாதத்தை நியாயமாகவே சொல்ல வேண்டும். மேற்கின் தனிமனிதவாதம், வர்க்கப் போராட்டத்தை நம்பும் மார்க்சியம், இனவெறி கொண்ட பாசிசம் இவை மூன்றுக்கும் மாற்றாக அது ‘ஒத்துழைப்புக் கொள்கை’யை முன்வைக்கிறது. கிழக்காசியா ஒன்றுபட வேண்டுமானால் முதலாளித்துவத்தைத் தாண்ட வேண்டும். சீன தேசியத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜப்பான் தலைமை ஏற்பதானால் அந்தப் புதிய கோட்பாட்டுக்கு ஜப்பானும் கட்டுப்பட்டு, முதலில் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். ஜப்பானிய ஆவி என்று குறுகிய பெருமை பேசுவது உதவாது. ராணுவமும் வலதுசாரிகளும் இதைப் படித்துப் பல்லைக் கடித்தார்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு மறைமுகக் கண்டனம் இருந்தது உண்மை. உள்ளே நுழைந்து, ஓடும் வண்டியின் திசையைக் கொஞ்சம் திருப்பிவிடலாம் என்று மிகி நம்பினார்.

ஆனால் அந்த ஒன்றுபட்ட ஆசியாவில் சீனர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. போர் நின்ற பிறகு பேசலாம் என்று அந்தச் சிறுநூல் சொல்லவில்லை. போருக்கு உள்ளேயே அர்த்தம் தேடியது. சியாங் கை ஷேக் 1938 டிசம்பரிலேயே கொனோயேயின் புதிய ஒழுங்கைச் சீனாவை அடிமையாக்கும் திட்டம் என்று வெளிப்படையாக மறுத்துவிட்டார். மிகியின் தத்துவத்துக்கு அந்த மறுப்பை வைக்க இடமில்லை. சீன தேசியம் என்பது உயர்ந்த ஓர் உருவத்துக்குள் கரைய வேண்டிய மூலப்பொருள். தனக்கென ஒரு முடிவைச் சொல்லும் உரிமையுள்ள ஆளாக அது அங்கே வருவதில்லை. 1933இல் ஹைடெகரிடம் அவர் கேட்ட கேள்வியை அப்போது யாராவது அவரிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கக்கூடிய நிலையில் இருந்த தோசாகா ஜுன், பொருள்முதல்வாத ஆய்வுக் கழக வழக்கில் 1938 நவம்பரில் சிறைக்குப் போயிருந்தார்.

கழகம் நீடிக்கவில்லை. அங்கிருப்பவர்கள் சிவப்பர்கள் என்ற கூச்சல் வலுத்தது. 1940 நவம்பரில் கலைத்துவிட்டார்கள். உறுப்பினர்களில் ஒருவரான ஒசாகி ஹொட்சுமி, சோவியத்துக்காக உளவு பார்த்த சோர்கேயின் வழக்கில் 1941இல் கைதாகி 1944 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். ஒரே கழகத்தின் கூரைக்குக் கீழே பேரரசுக்கு அர்த்தம் தேடியவரும் இருந்தார், அதை உள்ளிருந்தே காட்டிக்கொடுத்தவரும் இருந்தார்.

இதே ஆண்டுகளில் மிகி சின்னச் சின்னக் கட்டுரைகளை ‘புங்ககுகாய்’ இதழில் எழுதிவந்தார். 1936இல் அவர் மனைவி சிறுமகளை விட்டுவிட்டு இறந்துபோயிருந்தார். தொடரின் முதல் கட்டுரை சாவைப் பற்றியது. பிறகு பழக்கம், பொறாமை, வதந்தி, நம்பிக்கை, பயணம் என்று தொடர்ந்து 1941இல் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ என்ற நூலானது. மகிழ்ச்சியையும் வெற்றியையும் ஒன்றாக நினைக்கத் தொடங்கியதும் மனிதனுக்கு மகிழ்ச்சி என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விட்டது என்கிறார் ஓரிடத்தில். கோபத்தைப் பற்றிய கட்டுரை அதைவிட முக்கியம்: கோபத்தையும் வெறுப்பையும் குழப்பிக்கொள்வதைக் கடிந்து, கோபத்துக்கு ஒரு தூய்மை உண்டு என்று வாதாடுகிறது. எல்லோரும் தலையாட்டிக்கொண்டிருந்த நாட்டில் அச்சான கட்டுரை அது. தன் பெருநூலில் மறுப்புக்கு இடம் வைக்காதவர், காசு வாங்கி எழுதிய பத்தியில் கோபத்துக்கு இடம் வைத்திருக்கிறார். இன்றும் ஜப்பானியர் மிகியைப் படிப்பது பெரும்பாலும் இந்தச் சிறுநூல் வழியாகத்தான்.

1942 தொடக்கத்தில் ராணுவம் அவரைப் பிரசாரப் பிரிவுக்கு எழுத்தாளராக இழுத்துப் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பியது. அந்த ஆண்டு முழுக்க மணிலாவில். திரும்பி வந்து பிலிப்பைன்ஸ் மக்களின் கீழைப் பண்பு பற்றிக் கட்டுரை எழுதினார். ஸ்பெயின், அமெரிக்கா என்ற மேற்பூச்சுகளுக்கு அடியில் அவர்கள் ஆசியர்களே என்பது அதன் போக்கு. அவர்களைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. மிகி எழுதியவற்றில் எனக்கு மிகவும் சங்கடம் தருவது இதுதான்.

கடைசி ஆண்டுகள் தனிமையில் கழிந்தன. இரண்டாவது மனைவியும் 1944இல் இறந்துவிட, குண்டுவீச்சுக்கு அஞ்சி மகளோடு சைத்தாமா மாநிலத்தின் கிராமப்புறத்துக்குக் குடிபோனார். 1945 மார்ச்சில், போலீஸ் காவலிலிருந்து தப்பிய தகாகுரா தெரு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். எழுத்தாளர், கம்யூனிஸ்ட், கியோத்தோ நாள்களின் பழைய நண்பர். மிகி சாப்பாடு போட்டார். உடுத்த உடையும் கையில் பணமும் கொடுத்து அனுப்பினார். தகாகுரா மறுபடி பிடிபட்டார். மார்ச் 28 அன்று மிகியைக் கொண்டுபோனார்கள். வரலாற்றை உருவாக்கும் தொழில்நுட்பம் பற்றி அத்தனை எழுதியவரைக் கொன்றது பசியோடு வந்த நண்பருக்குச் சோறு போட்ட குற்றம். அந்தச் செயலுக்கு அவர் எந்தக் கோட்பாட்டையும் தேடியதாகத் தெரியவில்லை.

அந்தக் கோடையில் கியோத்தோ மரபே சரிந்தது. ஜூன் 7 அன்று காமாகுராவில் நிஷிடா இறந்தார். ஆகஸ்ட் 9 அன்று, நாகசாகியில் குண்டு விழுந்த அதே நாளில், நாகானோ சிறையில் தோசாகா இறந்தார். அவருக்கும் சொறி, ஊட்டமின்மை, சிறுநீரகம். செப்டம்பர் கடைசியில் மிகி. போர் முடிந்தும் ஒரு பெயர் பெற்ற அறிஞர் சிறையில் செத்திருக்கிறார் என்ற செய்தி வெளிநாட்டுப் பத்திரிகையாளர் காதுக்கு எட்டியது. அக்டோபர் தொடக்கத்தில் உள்துறை அமைச்சர் யமசாகி இவாவோ, சிந்தனைக் காவல் துறை தொடர்ந்து இயங்கும், கம்யூனிஸ்டுகள் கைதாவார்கள் என்று ஒரு செய்தியாளரிடம் கூசாமல் சொன்னார். அக்டோபர் 4 அன்று அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தரின் தலைமையகம் அரசியல் கைதிகளை விடுவிக்கவும் அவர்களைச் சிறைவைத்த சட்டங்களை நீக்கவும் ஆணையிட்டது. மறுநாள் அமைச்சரவை பதவி விலகியது. 15ஆம் தேதி அமைதிப் பாதுகாப்புச் சட்டம் ஒழிந்தது. மிகியின் சாவு மட்டுமே இதற்கெல்லாம் காரணம் என்பது மிகை. ஆனால் அது எல்லோர் கண்ணையும் சிறைக் கதவின் பக்கம் திருப்பியது. தகாகுரா தெரு உயிரோடு வெளியே வந்து, 1946இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

சைத்தாமா வீட்டில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஷின்ரானைப் பற்றியது, முடிக்கப்படாதது. கிட்டத்தட்ட அதே நேரத்தில் அவருடைய ஆசிரியர் தனாபேயும் ஷின்ரானிடம்தான் போயிருந்தார். 1944 இலையுதிர்காலத்தில் கியோத்தோவில் ஆற்றிய விரிவுரைகள் 1946இல் ‘பச்சாத்தாபத்தின் வழியாகத் தத்துவம்’ என்ற நூலாயின. அரசுக்குத் தத்துவம் எழுதிய தன் கடந்த காலத்துக்காகத் தனாபே வருந்தினார். எதற்காக என்று குறிப்பாகச் சொல்லாமல், நாடு முழுவதும் சேர்ந்து வருந்த வேண்டும் என்று பரப்பிவிட்டார் என்ற குறை அந்த நூலின் மேல் உண்டு.

மிகியின் பிரதி வேறு வழியில் போகிறது. புத்தரின் போதனை மங்கிப்போகும் கடைசி யுகத்தில் வாழ்கிறோம் என்பது ஷின்ரானின் நம்பிக்கை. யுகம் கெட்டுவிட்டது, அதனால் நானும் கெட்டேன் என்று பழியைக் காலத்தின் மேல் போடுவதற்கு அந்த நம்பிக்கை பயன்படாது என்று மிகி எழுதுகிறார். யுகத்தின் தீமையைத் தன் தீமையாகவே உணர்வதுதான் வரலாற்று உணர்வு என்பது அவருடைய வாசிப்பு. உருவம் செய்வதைப் பற்றிய தத்துவத்தில் கிடைக்காத அளவுகோல் இங்கே கிடைக்கிறது. 1939 சிறுநூலின் மேல் அதை அவர் வைத்துப் பார்த்திருப்பாரா என்பதற்குப் பிரதியில் விடையில்லை. எழுதி முடிப்பதற்குள் போலீஸார் வந்துவிட்டார்கள்.